கபுகி நடிகர்களின் நிழலுருவ மர அச்சுகள்: கருப்பில் விழும் புள்ளியும், கண் இல்லாமல் தெரியும் முகமும்

கருந்தாள் (கேள்வி):

வணக்கம். ஜப்பானிய ஓவியர் ஒச்சியாய் யோஷிஇக்கு 1867-இல் வரைந்த ‘மகோதோ நோ ட்சுகிஹானா நோ சுகதா-ஏ’ வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படத்திலும் கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் ஒருவர், பக்கவாட்டு நிழலாக மட்டும். பக்கத்தில் பெயர், ஒரு கவிதை. கண்ணில்லை, புருவமில்லை, முகப்பூச்சு இல்லை.

அந்த முறையில் ஒரு நிழலுருவத்தை ஓபான் அளவில் (ஏறத்தாழ 39 × 26 செ.மீ.) 30 படி அச்சிட வேண்டும். பலகை ஷினா ப்ளைவுட். மை, கடையில் கிடைக்கும் புட்டி சுமி. காகிதம் கோசோ. சோதனைத் தாள்களில் இந்தக் குறைகள் வருகின்றன:

கருப்புப் பரப்பில் எள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். சில தாள்களில் வளைவு வளைவாகக் கோடுகள். முகத்துக்கும் வெளிர்சாம்பல் பின்னணிக்கும் நடுவே மயிரிழை வெள்ளைக் கோடு. போதாக்குறைக்கு மூக்குக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் அழுக்குக் கறை.

அச்சு பற்றி இவ்வளவு. இன்னொன்றும் தெரிய வேண்டும்: வெறும் ஓரக்கோட்டை வைத்து எடோ (இன்றைய டோக்கியோ) ரசிகர்கள் இன்ன நடிகர் என்று எப்படிக் கண்டுகொண்டார்கள்? ஓவியர் எதைக் காப்பாற்றினார், எதை விட்டுவிட்டார்?

---

பாரென்கை:

அகலமான ஒரே நிறப் பரப்பை அச்சிடுவதுதான் அச்சுக்காரருக்கு நிஜமான சோதனை. ஜப்பானியப் பட்டறையில் இதற்கு பெதா-சுரி என்று பெயர். கோடு அச்சிடும்போது சின்னச் சின்னப் பிழைகள் மறைந்துபோகும். கருப்பு நிழலில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

மருந்தைத் தேடுமுன் புள்ளியைப் பாருங்கள். அடுத்தடுத்த நான்கு தாள்களை வரிசையாக வையுங்கள். புள்ளி ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் விழுந்தால் குறை பலகையில் இருக்கிறது: பள்ளம், நார் எழும்பல், ஒட்டிய தூசி. இடம் மாறி மாறி விழுந்தால் காகிதம், பசை, ஈரம், அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று.

பரப்பு முழுக்கச் சீராக எள் விழுந்தால் அது கோமா-சுரி. வேண்டுமென்றே அப்படி அச்சிடுவதும் உண்டு. வேண்டாத இடத்தில் வந்தால் மூன்று காரணம்: அரிசிப்பசை குறைவு, தாள் காய்ந்துவிட்டது, பாரென் (தாளின் முதுகில் தேய்க்கும் வட்டத் தட்டு) அழுத்தம் போதவில்லை. நிழலுருவத்தில் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே வரும்.

பசை: அரிசிமாவு ஒரு பங்கு, தண்ணீர் நான்கைந்து பங்கு. கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும்வரை கிளறிக் காய்ச்சி, ஆறவிடுங்கள். ஓபான் பரப்புக்கு ஒரு தாளுக்குப் பட்டாணி அளவில் இரண்டு மூன்று பொட்டு போதும். பலகையில் முதலில் சுமி, அதன் மேல் பசைப் பொட்டுகள், பிறகு தூரிகையால் எல்லாப் பக்கமும் கலக்க வேண்டும். கடைசி ஓட்டம் லேசாக, மரநார் போகும் திசையில். பசை மிஞ்சினால் தாள் பலகையில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நாரைப் பிய்த்துவிடும். அந்த நார் அடுத்த தாளில் வெள்ளைப் புள்ளியாக விழும். அதைப் பார்த்துப் பசை போதவில்லை என்று நினைத்து இன்னும் சேர்த்தால் நிலைமை மோசமாகும்.

தூரிகையின் மயிர் முனை பிளந்து பட்டுப்போல இருக்க வேண்டும். முனையைச் சூட்டில் லேசாகக் கருக்கி, சுறாத்தோலில் தேய்த்துப் பிளப்பது பழைய வழக்கம். முனை பிளக்காத தூரிகை கருப்பில் தன் தடத்தை விட்டுச்செல்லும்.

ஈரம்: தாளை நனைத்ததும் அச்சிடக் கூடாது. முதல்நாள் மாலையில் ஒன்றுவிட்டு ஒரு தாளுக்குத் தண்ணீர் பூசி அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பலகை வைத்து அழுத்திவிடுங்கள். காலைக்குள் ஈரம் சமமாகப் பரவிவிடும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் மின்னக் கூடாது. வெயில் காலத்தில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். வேலை நீண்டால் அடுக்கைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கோசோ தாள் கஞ்சியேற்றாததாக இருந்தால் மை உள்ளே இறங்கிப் பரப்பு சாம்பலாகும், ஓரமும் கசியும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் தோசா பூச வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 கிராம் வச்சிரம், அதில் பாதி படிகாரம். வச்சிரத்தை இரவெல்லாம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும். படிகாரத்தைத் தனியே வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். பூசி உலர்த்திய தாளை ஒன்றிரண்டு வாரம் விட்டுவைத்தால் நல்லது.

இனி முக்கியமான விஷயம். ஆழ்ந்த கருப்பு ஒரே அச்சில் வராது. அதே பலகையில் இரண்டு தடவை அச்சிட வேண்டும். முதல் தடவை சுமியை மூன்று மடங்கு தண்ணீரில் நீர்த்து, பசையைச் சற்றுக் கூட்டி, நடுத்தரச் சாம்பலாக. இது தாளின் நார்க்குழிகளை நிரப்பிவிடும். இரண்டாவது தடவை முழுச் சுமி, பசை குறைவு, அழுத்தம் அதிகம். நடுவில் தாள் காயவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் சுருங்கினாலே மூக்கின் ஓரம் இரட்டைக் கோடாகிவிடும்.

புதிய பலகை முதல் தாள்களின் மையை எல்லாம் குடித்துவிடும். தொடங்குமுன் ஈரத்துணியால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி துடைத்துவிட்டு, கணக்கில் சேராத நான்கைந்து தாளை ஓட்டுங்கள்.

வளைவுக் கோடுகள் பாரென் தடம். பாரெனின் மேல் உறையில், அதாவது மூங்கில் மடலில், மடிப்பு விழுந்திருக்கலாம். இல்லையென்றால் ஒரே பாதையில் திரும்பத் திரும்பத் தேய்க்கிறீர்கள். முதலில் லேசாக முழுவதும் படியவைத்து, பிறகு சிறு குறுக்கு ஓட்டங்களாக ஓரம் முதல் ஓரம் வரை நெருக்கித் தேய்த்து, கடைசியில் திசையை மாற்றி ஒரு முறை. பாரெனின் முகத்தில் கமேலியா எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டால் வழுக்கிப் போகும். மென்மையான கயிறு சுற்றிய பாரென் மெல்லிய கோடுகளுக்கு ஏற்றது. கருப்புப் பரப்புக்குக் கனத்த கயிறு வேண்டும்.

வெள்ளைக் கோட்டுக்கு எளிய வழி உண்டு. பின்னணிப் பலகையை முகத்தைச் சுற்றி வெட்டவே வேண்டாம். வெளிர்சாம்பலைப் பரப்பு முழுக்க, நிழலுக்கு அடியிலும் சேர்த்து, முதலில் அச்சிடுங்கள். அதன் மேல் கருப்பு. கருப்பு எதையும் மூடிவிடும் என்பதால் இரண்டையும் ஓரத்தோடு ஓரமாகப் பொருத்த வேண்டிய தேவையே இல்லை.

புட்டி சுமியைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறது. எழுத்துப் பயிற்சிக்கு விற்கும் பலவற்றில் செயற்கைப் பிசின் கலந்திருக்கும். தூரிகை விறைக்கும், பரப்பு திட்டுத்திட்டாக மின்னும். அச்சுக்காரர்கள் உடைந்த சுமிக் கட்டிகளை மூடிய ஜாடியில் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். உள்ளே இருக்கும் வச்சிரம் அழுகிப் போய்க் கரி மட்டும் மிஞ்சும். நாற்றம் கடுமையாக இருக்கும், ஆனால் மினுக்கமில்லாத அந்த மெத்தென்ற கருப்பு வேறு எதிலும் வராது.

---

மேடைநிழல்:

முகம் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

நடிகரைச் சாயல் மாறாமல் வரையும் நிகாவோ-ஏ மரபு, 1770-இல் கட்சுகாவா ஷுன்ஷோவும் இப்பிட்சுசாய் புஞ்சோவும் சேர்ந்து வெளியிட்ட படப்புத்தகத்தோடு நிலைபெற்றது. 1794-இல் ஷராகு கருப்பு அப்பிரகப் பின்னணியில் நடிகர்களின் பெரிய தலைகளைக் கொண்டுவந்தார். யோஷிஇக்கு காலத்துக்குள் எடோ ரசிகர் நூறாண்டு அளவுக்கு இந்தச் சாயல்களில் பழகியிருந்தார். ஆனால் அந்தச் சாயல் முக்கால் முகத்தில் அமைந்தது. விழியின் வளைவு, புருவத்தின் தடிப்பு, வாயின் கோணல் இவைதான் அடையாளம். நிழலுருவம் இந்த மூன்றையும் ஒரே அடியில் எடுத்துவிடுகிறது. யோஷிஇக்கு எடுத்துக்கொண்ட சவால் எவ்வளவு பெரியது என்பது இங்கேதான் புரியும்.

மிஞ்சுவது என்ன? நெற்றியும் மூக்கும் சேரும் இடத்தின் பள்ளம், மூக்கு நுனியின் சாய்வு, மேலுதட்டின் நீளம், தாடை முன்னே தள்ளுகிறதா உள்வாங்குகிறதா என்பது, பிடரிக் கோடு, உச்சிக்குடுமி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. ஐந்தாம் மட்சுமோதோ கோஷிரோ (1764–1838) ‘நீள்மூக்குக் கோஷிரோ’ என்றே அழைக்கப்பட்டவர். அவரை வரைந்த ஓவியர் பலர் அந்த மூக்கைப் பக்கவாட்டில் காட்டினார்கள். அவர் இந்த வரிசைக்கு முந்தியவர்தான். ஆனாலும் ஓரக்கோட்டை வைத்தே நடிகரை அடையாளம் காணும் பழக்கம் ரசிகருக்கு முன்பே இருந்தது என்பதற்கு அவர் மூக்கு போதும்.

யோஷிஇக்குவின் ஆசான் உத்தாகவா குனியோஷி இன்னும் துணிந்தவர். 1842-இல் அரசின் தென்போ சீர்திருத்தம் நடிகர் படங்களைத் தடைசெய்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1848 வாக்கில், கிடங்குச் சுவரில் யாரோ ஆணியால் கீறியதுபோல நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். நாலு கீறலிலும் நடிகர் தெரிவார். அந்தப் பட்டறையில் பயின்றவர் கண்ணையும் விட்டுவிட்டு ஓரக்கோட்டுக்கு வந்ததில் வியப்பில்லை.

நிழல் விளையாட்டும் புதிதல்ல. கதவுத்தாளில் விழும் நிழல் அச்சுகளில் முன்பிருந்தே உண்டு. ஹிரோஷிகே, கையில் கிடைத்த சாமான்களை வைத்துக்கொண்டு உடம்பை முறுக்கி நிழல் காட்டும் ஆட்களை ஒரு தனி வரிசையாகவே வரைந்திருக்கிறார். ஆனால் அங்கே நிழல் வேறு எதுவாகவோ மாறுவதில் வேடிக்கை. யோஷிஇக்குவிடம் நிழல் அந்த மனிதராகவே இருக்க வேண்டும்.

ஏன் 1867? 1862-இலேயே நாகசாகியில் உவெனோ ஹிகோமாவும் யோகோஹாமாவில் ஷிமோஓகா ரென்ஜோவும் புகைப்பட நிலையம் திறந்துவிட்டார்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொல்லுக்கே மதிப்பு மாறிக்கொண்டிருந்த நேரம். ஒளி தானாக எழுதும் உருவம் என்ற வகையில் நிழல் புகைப்படத்துக்கு மிக அருகில் நிற்பது. யோஷிஇக்கு 1870-இல் புகைப்படச் சட்டம்போலவே வரைந்த ‘ஹாய்யூ ஷாஷின்க்யோ’ என்ற நடிகர் வரிசையையும் வெளியிட்டார். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் அவர் மனம் எங்கே ஓடியது என்று தெரியும். சக ஓவியர் யோஷிதோஷியோடு பங்குபோட்டு வரைந்த இரத்தக் களரிக் காட்சிகளுக்காக மட்டுமே அவர் நினைக்கப்படுவது எனக்கு வருத்தம். இந்த அமைதியான வரிசைதான் அவருடைய சிறந்த வேலை என்பேன்.

அடையாளம் காண்பதில் ஒரு பொறி இருக்கிறது. கபுகி நடிகர்கள் பட்டப்பெயரை மாற்றிக்கொண்டே போவார்கள். படத்தில் இருப்பது அந்த ஆண்டின் பெயர். பிற்காலத்தில் ஒன்பதாம் இச்சிகாவா தஞ்ஜூரோ ஆனவர் 1867-இல் கவராசாகி கொஞ்ஜூரோ. தஞ்ஜூரோ பட்டம் 1874-இல்தான் ஏற்றார். ஐந்தாம் ஒனோயே கிகுகோரோ ஆனவர் அப்போது இச்சிமுரா ககிட்சு. பட்டம் வந்தது 1868-இல். பெயரை அப்படியே பிற்காலப் பட்டியலில் தேடினால் அப்பா, தாத்தா, சீடர் என்று யார் வேண்டுமானாலும் அகப்படுவார். ஆண்டை முதலில் உறுதிசெய்துவிட்டு, அந்த ஆண்டில் பட்டத்தை வைத்திருந்தவரைத் தேடுங்கள்.

---

கருந்தாள்:

மிக்க நன்றி. இரட்டை அச்சும், பின்னணியை முழுக்க ஓட்டுவதும் தெளிவாகிவிட்டன. இன்னும் இரண்டு ஐயம். நிழலின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டுமா, மங்க வேண்டுமா? நேரில் ஒருவரை உட்காரவைத்து நிழலைத் தாளில் எடுக்க விளக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது? ப்ளைவுட்டுக்குப் பதிலாக இங்கே கிடைக்கும் மரம் ஏதாவது ஒத்துவருமா?

---

உளிவாய்:

விளக்குக் கணக்கு எளிது. ஓர மங்கலின் அகலம் = சுடரின் அகலம் × முகத்திலிருந்து தாளுக்குள்ள தூரம் ÷ சுடரிலிருந்து முகத்துக்குள்ள தூரம். தோள் தாளை உரசும்படி உட்கார்ந்தால் மூக்கின் கோடு தாளிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. தள்ளி இருக்கும். சுடர் ஒரு செ.மீ. அகலம் என்று கொள்ளுங்கள். 60 செ.மீ. தூரத்தில் விளக்கு வைத்தால் மங்கல் 3 மி.மீ.-க்கு மேல் போகும், முகமும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 3 மீட்டரில் வைத்தால் மங்கல் 0.7 மி.மீ., பெருக்கம் 7 விழுக்காடுதான். ஆகவே 3 மீட்டர், சுடர் மூக்கு உயரத்தில். சுடர் உயர்ந்தால் தாடை நீளும். தலை இம்மியளவு திரும்பினாலும் மூக்கு குட்டையாகிவிடும். எதிர்ப்பக்க இமைமயிர் நிழலில் தெரிந்தால் தலை திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

எடுத்த கோட்டைப் பாதியாகச் சுருக்குங்கள். ஓபானில் தலை 11, 12 செ.மீ. உயரம் வந்தால் தோளுக்கும் எழுத்துக்கும் இடம் கிடைக்கும். பாதியாகச் சுருக்கிய படத்தில் மேலுதட்டில் அரை மில்லிமீட்டர் தவறினால் அது ஆளின் முகத்தில் ஒரு மில்லிமீட்டர். உதடு, மூக்குநுனி இரண்டிலும் அவ்வளவே போதும், ஆள் மாறிவிடுவார்.

ஓரம் பற்றி: முகத்தில் கூர்மை, தோளுக்குக் கீழே மங்கல் என்பது என் கருத்து. நிஜ நிழலிலும் தாளிலிருந்து தள்ளியிருக்கும் மறுபக்கத் தோள்தான் அதிகம் மங்கும். மங்கலுக்கு இதா-போகாஷி: ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல், வெளிப்பக்கம் ஓரிரு செ.மீ. சரிவாகச் சீவி, தோகுசா என்ற குதிரைவால் தண்டால் (இல்லாவிட்டால் நுண்ணிய உப்புத்தாளால்) தேய்த்து மழுக்க வேண்டும். சரிவில் மை ஏறினாலும் தாள் லேசாகத்தான் தொடும், நிறம் தானாகக் கரையும். முகத்துக்குப் பக்கத்தில் இந்தச் சரிவு வந்துவிடாமல் கழுத்தோடு நிறுத்துங்கள்.

வெட்டும்போது கத்திமுனை உருவத்துக்கு வெளிப்பக்கமாக இறங்கும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் மரம் அகன்று, மலைச்சரிவுபோல நிற்கும். உட்சாய்வாக வெட்டினால் மூக்குநுனிக்கு அடியில் தாங்கல் இருக்காது, நாலு தாளில் உடையும். மூக்கும் குடுமியும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் மரநார் படத்துக்குக் கிடையாக ஓடினால் அவை நாரின் நீளத்தில் பாதுகாப்பாக இருக்கும். ப்ளைவுட்டை அந்தத் திசையில் திருப்பி வையுங்கள்.

மூக்குக்கு முன்னால் விழும் கறை, அகலமாகத் தோண்டிய இடத்தில் தாள் தொய்ந்து அடியைத் தொடுவதால் வருகிறது. கோட்டருகே 2 மி.மீ. ஆழம் போதும். அதிலிருந்து விலக விலக ஆழத்தைக் கூட்டுங்கள். மூன்று செ.மீ. தள்ளி 5 மி.மீ. இருக்கட்டும். 9 மி.மீ. ப்ளைவுட்டில் அதற்கு மேல் போனால் பலகை வளையும். மை பூசியதும் தோண்டிய பகுதியை ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இதை ஒவ்வொரு தாளுக்கும் செய்ய வேண்டும்.

கெந்தோவை, அதாவது தாளைப் பொருத்தி வைக்கும் குறிவெட்டை, உருவம் வெட்டுமுன்பே வெட்டிவிடுங்கள். வலக்கீழ் மூலையில் எல் வடிவம், கீழ்விளிம்பில் இடப்பக்கம் தள்ளி நேர்க்கோடு. ஆழம் தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம்.

மரம்: ஜப்பானில் யமசகுரா என்ற மலைச்செர்ரி. நம் ஊரில் தேக்கு வேண்டவே வேண்டாம். துளைகள் பெரிது, கருப்புப் பரப்பு முழுக்க ஊசிக் கீறலாக விழும். ரப்பர்மரமும் அப்படியே. மஞ்சக்கடம்பு நெருக்கமான, சீரான நாருள்ளது. நன்றாக உலர்ந்த பலகை கிடைத்தால் பயன்படுத்திப் பார்க்கலாம். எம்.டி.எஃப். ஈரத்தில் ஊதிவிடும்.

---

பாரென்கை:

தோளுக்கு இதா-போகாஷி என்பதில் உடன்பாடு. ஆனால் 30 படியும் ஒரேமாதிரி வர வேண்டுமென்றால் சரிவில் தூரிகையின் கடைசி ஓட்டம் எப்போதும் உள்ளிருந்து வெளியே போகட்டும். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் சரிவின் அடியில் மை தேங்கி, மங்க வேண்டிய ஓரத்தில் கரிய கோடு விழும்.

குடுமிக்கு மட்டும் வச்சிரம் கலந்த மினுக்குக் கருப்பு, ட்சுயா-சுமி, தனிப்பலகையில் அச்சிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மற்ற நடிகர் படங்களில் தலைமயிருக்கு அது அழகு. இங்கே வேண்டாம். மயிர் மின்னிய உடனே பார்ப்பவர் கண் முன்பக்கம் ஒன்றைத் தேட ஆரம்பிக்கும். அது நிழலாக இருக்காது, கருப்பு மை பூசிய ஆளாகிவிடும்.

---

உளிவாய்:

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். மினுக்கு வேண்டாம் என்பது சரி. ஆனால் ஒரே கருப்பில் குடுமியின் உள்வெட்டுகள் அடைபடும். குடுமிக்கும் மண்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மி.மீ.-க்குக் குறைந்தால் மை நிரப்பிவிடும். நிழல்கோட்டில் உள்ளதைவிட அந்த இடைவெளியை அரை மி.மீ. கூட்டி வெட்டுங்கள். தனிப்பலகை தேவைப்படாது.

---

பெட்டகம்:

பழைய படியை வைத்து ஒப்பிட நினைப்பவர்களுக்காக. 1859 முதல் 1871 வரை தணிக்கைக் குறியும் ஆண்டு-மாதக் குறியும் ஒரே வட்ட முத்திரையில் வரும். 1867 முயல் ஆண்டு. முத்திரையில் முயலுக்குரிய எழுத்தும், மாத எண்ணும், தணிக்கை எழுத்தும் இருக்க வேண்டும். முத்திரை விளிம்பு வெட்டில் போயிருந்தால் ஓவியர் கையெழுத்தையும் பதிப்பாளர் குறியையும் பாருங்கள்.

சாயம் மங்கியதை வைத்துப் பழமையை அளக்காதீர்கள். சுமி வெறும் கரி, வெளிச்சத்தில் வெளிறாது. 1860-களில் இறக்குமதியான அனிலின் சாயங்கள் விரைவில் மங்கிவிடும். அதனால் பெயர்ப்பட்டை வெளிறி, நிழல் மட்டும் நேற்று அச்சிட்டதுபோல இருப்பது இயல்பு.

கருப்புப் பரப்பில் விரல் படக் கூடாது. தேய்ந்த இடம் மினுக்காக மாறி, சாய்த்துப் பார்த்தால் தனித்துத் தெரியும். மடிப்பு விழுந்தால் மை வெடித்து வெள்ளை நார் வெளியே வரும். அதை மை தொட்டு மூடப் பார்த்தால் இன்னும் அசிங்கமாகும். சட்டமிட்டால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் அட்டைச் சட்டம் இருக்கட்டும். உங்கள் 30 படிக்கும் இதே கவனம்தான். அச்சிட்ட அன்றே அடுக்காமல், அட்டைகளுக்கு நடுவே மெல்லிய தாள் வைத்து இரண்டு நாள் அழுத்திவிட்டுப் பிறகு எடுங்கள்.